பலகைக்கு அடியில் நல்ல இடம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடின இடத்தில் சுவர் ஓரமாகப் பார்த்து நிற்கிற ஆள். இப்படிப்பட்டவள் காகிதமும் பேனாவுமாக எழுத உட்காருவது அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் குடியிருப்பில் சாயங்காலம் என்னோடு நடக்கிற உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் உங்கள் சின்ன வயசைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவீர்கள். நான் செருப்புச் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு வருவேன். சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. வாயால் சொல்ல வராது, அவ்வளவுதான்.

போன வாரம் என் தங்கையோடு அடையாறில் ஒரு குழந்தை டாக்டரிடம் போயிருந்தேன். தங்கையின் பேரனுக்கு இளைப்பு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பெண் கையில் அட்டையோடு வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டாள். வீட்டில் எத்தனை பேர், குழந்தை எங்கே தூங்குகிறது, கொசுவத்தி ஏற்றுவீர்களா, யாராவது பீடி சிகரெட் பிடிப்பார்களா, குழந்தையின் அம்மா சரியாகத் தூங்குகிறாளா, மாசக் கடைசியில் சாப்பாட்டுக்கு இழுபறி உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொழந்தைக்கு சளின்னு வந்தா ரேஷன் கார்டு எடுக்குற மாதிரி கேக்குறியேம்மா. எனக்கு சின்ன வயசுல இதே இளைப்புதான். அந்தக் காலத்து டாக்டரம்மா ஒரு கேள்வி கேக்கல. என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சாங்க. இன்னாக்கா, சொல்லேன்."

நான் தலையை ஆட்டினேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவள் இந்தக் கதையைச் சொல்லி வருகிறாள். நானும் தலையை ஆட்டி வருகிறேன். கண்டுபிடித்தது டாக்டரம்மா இல்லை. சொன்னது நான். ஆனால் நான்தான் சொன்னேன் என்று சொல்லப் போனால், எதற்காகச் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டி வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு நாலு. மந்தைவெளியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் ஒற்றை அறையில் இருந்தோம். நைனா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கட்டடத்தில் இருந்த பன்னிரண்டு வீட்டுத் துணியும் எங்களிடம்தான் வரும். வெயில் காலத்தில் வண்டி தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். பெட்டியில் கரி போட்டு மூட்டி, பனை விசிறியால் நைனா விசிறுவார். பொறி பறக்கும். நானும் தங்கையும் பொறியை எண்ணுவோம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் வண்டி வெளியே நிற்க முடியாது. நைனா வண்டியின் மேல்பலகையைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்து இரண்டு தகர டிரம்களின் மேல் வைப்பார். பெட்டியை அறைக்குள்ளேயே மூட்டுவார். மாற்றிப் போடக் கரி வேண்டுமே, அதற்காகத் தணலோடு ஒரு மண்சட்டி எப்போதும் பலகைக்குக் கீழே இருக்கும். கதவைத் திறந்தால் சாரல் அடித்துத் தேய்த்த துணி நனைந்துவிடும் என்று சாத்தியே இருக்கும். ஈரத்துணியில் பெட்டி படும்போது உஸ்ஸென்று எழும் ஆவி, கஞ்சி வாசனை, கரி வாசனை. எனக்கு இன்றைக்கும் மழை என்றால் அந்த மூன்றும்தான்.

அந்தப் பலகைக்கு அடியில் இருந்த இடம்தான் எங்கள் வீட்டிலேயே நல்ல இடம். ஒழுகாது. இரண்டு பக்கமும் டிரம், பின்னால் துணி மூட்டை, பக்கத்தில் சட்டியின் கதகதப்பு. ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். அந்த இடம் தங்கைக்கு. சளிப் பிள்ளைக்குக் கதகதப்பு வேண்டும் என்று அம்மா அங்கேதான் அவளுக்குப் படுக்கை போடுவாள். எனக்குக் கதவோரம். கதவின் அடியில் நாலு விரல் இடைவெளி உண்டு. ஈரக்காற்று அதன் வழியாக நேராக என் கழுத்துக்கு வரும். கோணியை மடித்து அடைத்துக்கொள்வேன். காலையில் கோணி சொதசொதவென்று இருக்கும்.

"நானும் உள்ள படுத்துக்கிறேனே" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனுக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி கீற" என்றாள் அம்மா.

கல்லு மாதிரி இருப்பது தப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த மழைக்காலத்தில் தங்கைக்கு இளைப்பு அதிகமானது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். தூங்கும்போதும் வாயைத் திறந்துதான் மூச்சு விடுவாள். முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். அங்கே வரிசையில் நின்றபோது யாரோ ஒரு ஆள், அழுக்குப் பிள்ளையை ஓரமாக நிறுத்து என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றைக்கு டாக்டரைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டாள். அழுததைப் பார்த்தேன். மறுநாள் அவள் ஒரு முடிவு செய்தாள். இஸ்திரி போடுகிற வீட்டில் மட்டுமே செய்யக்கூடிய முடிவு அது.

மூன்றாவது மாடி வீட்டில் ஒரு சின்னப் பெண் உண்டு. அவளுக்கு ஒரு மஞ்சள் ஃப்ராக். மார்பில் சின்னச் சின்ன மடிப்பு வைத்துப் பூத்தையல் போட்டு, பின்னால் முடிச்சுப் போடுகிற நாடா வைத்தது. தேய்க்க வரும்போதெல்லாம் நான் அதைக் கையால் தடவிப் பார்ப்பேன். என் மேல் வைத்துப் பார்த்ததற்கு ஒரு தடவை கையில் அடி வாங்கியிருக்கிறேன். அந்த ஃப்ராக்கைத் தேய்த்து, தங்கைக்கு மாட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, அம்மா அவளை மயிலாப்பூரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் கழற்றி, மறுபடி தேய்த்து, மறுநாள் மூன்றாவது மாடியில் கொடுத்துவிடுவோம். அடுத்தடுத்த தடவையும் அந்த ஃப்ராக் தேய்க்க வந்த நாளாகப் பார்த்துத்தான் போனோம்.

அம்மா கட்டியிருந்தது அவளுடைய சொந்தப் புடவைதான். ஆனால் எங்கள் வீட்டில் சோறு இல்லாமல் இருந்திருக்கிறது, துணியில் சுருக்கம் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வசதியான குடும்பம்.

டாக்டரம்மாவின் கம்பவுண்டர் முதல் நாள் ஒரு நீல அட்டையை எடுத்துத் தங்கையின் பெயரைக் கொம்பு வைத்து வளைத்து வளைத்து எழுதினார். அப்பா என்ன வேலை என்று கேட்டார். தி.நகரில் துணிக்கடை என்று அம்மா சொன்னாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஒவ்வொரு தடவையும் சந்து முனையில் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்துவாள். "உள்ள வாயத் தொறக்கக் கூடாது. ஃப்ராக்கு விசியம் வெளிய தெரிஞ்சா மொத்த பில்டிங்கும் துணி குடுக்காது. அப்பால நாலு பேரும் சோத்துக்கு இன்னா பண்றது, சொல்லு?"

என் வேலை என்ன தெரியுமா? சேறு தெறிக்காமல் ஃப்ராக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பது. ராணிக்குப் பின்னால் வருகிற வேலைக்காரி மாதிரி.

டாக்டரம்மா வெள்ளை முடி, தடிக் கண்ணாடி. தங்கையைக் "கண்ணு" என்று கூப்பிடுவார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கில் ஒரு மரக்குச்சி வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் குச்சியை அவளிடமே கொடுத்துவிடுவார். கூடவே ஓர் ஆரஞ்சு மிட்டாய். தங்கை குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று கம்பவுண்டரிடம் மெல்லக் கேட்டேன்.

"உனக்கு ஜொரமா?"

"இல்ல."

"இருமலா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்குக் குச்சி? ஓடு, ஓடு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று தங்கை மாதிரியே இளைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. இன்னா பூனை மாதிரி சத்தம் போடுற, குடத்தை எடு என்றாள் அம்மா. நீல அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். நானே எழுதின பள்ளிக்கூட நோட்டைத் தவிர, என் பெயர் எழுதின காகிதம் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை.

டாக்டரம்மா நல்லவர். ஆனால் ஃப்ராக்கைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா, தரையில் கம்பளம் விரித்திருக்கிறீர்களா, மெத்தையை வெயிலில் போடுகிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா இல்லைங்க, ஆமாங்க என்று பொருத்தமாகப் பதில் சொன்னாள். இரண்டாவது தடவை போனபோது, மழைக்காற்று குழந்தை மேல் படக்கூடாது, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மா வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் கதவடி இடைவெளியில் பழைய புடவையைத் திணித்து இறுக்கி அடைத்தாள். அன்றிரவு எனக்குக் குளிரவில்லை. தலைதான் வலித்தது. காலையில் அம்மாவும் தலைவலி என்றாள். தங்கைக்கு மூச்சு இன்னும் மோசமானது.

நாலாவது தடவை போனது ஒரு சாயங்காலம். வழியெல்லாம் தங்கை அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. டாக்டரம்மா எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார். ஊசி போட்டு, மடியில் உட்கார வைத்துக்கொண்டார். மடியில். அது வரைக்கும் யாரையும் அவர் மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. தங்கையின் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று அம்மாவைக் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். இப்படியே போனால் தாங்காது என்றார். பிறகு தங்கைக்குப் பயம் தெளியட்டும் என்றுதானோ என்னவோ, ஃப்ராக்கின் பூத்தையலை விரலால் தடவி, "எவ்வளவு அழகா இருக்கு. யாரு கண்ணு வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டார்.

தங்கைக்குப் பேச மூச்சு இல்லை. அம்மா சொன்னாள்: "அவங்க நைனா."

எங்கள் நைனா எனக்கு வாங்கிக் கொடுத்த கடைசித் துணி எது என்று அந்த நேரத்தில் யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"அது அவளுது இல்ல" என்றேன். "மூணாவது மாடிப் பொண்ணுது. நாங்க இஸ்திரி போட வாங்கினது."

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறங்கின. கம்பவுண்டர் கதவருகில் இருந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நாலு தடவை வந்ததில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"நீ இவளுக்கு அக்காவா? இங்க வா. வீட்ல இவ எங்க படுப்பா?"

எனக்குள் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "நல்ல எடம் எல்லாம் அவளுக்குத்தான். பலகைக்குக் கீழ. நெருப்புச் சட்டி பக்கத்துல. கதகதன்னு இருக்கும். நான் கேட்டா உடமாட்டாங்க. எனக்குக் கதவாண்ட. இப்ப கதவையும் அடைச்சிட்டாங்க."

"நெருப்புச் சட்டியா? அறைக்குள்ளயா?"

"ஆமா. பொட்டிக்குக் கரி வேணும்ல."

"ராத்திரியும் இருக்குமா?"

"காலைல வரைக்கும் இருக்கும். அவளுக்குக் குளிரக் கூடாதுன்னு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க நாய் கீதான்னு கேட்டீங்க, இல்லன்னேன். நெஜமாவே இல்லீங்க" என்றாள் அம்மா. பிறகு குரல் உடைந்தது. "அழுக்கா இட்டுகினு வந்தா தொட மாட்டாங்கம்மா. ஒரு தபா பட்டுட்டேன்."

"கதவைச் சாத்தச் சொன்னதே நான்தான்" என்றார் டாக்டரம்மா. அதை அவர் எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு என்னைத்தான் கேட்டார். அறை எத்தனை அடி, ஜன்னல் உண்டா, அம்மா இருமுவாளா, ராத்திரி என்ன சாப்பிட்டோம், கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறதா. இருக்கிறது, ஒரு பழைய சைக்கிள் மட்டும் கிடக்கிறது என்றேன். கேட்கக் கேட்கச் சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். தங்கை அவர் மடியில்தான் இருந்தாள், ஆனால் கண் என் மேல் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பேசவிட்டுக் கேட்டதில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீல அட்டையில் துணிக்கடையை அடித்துவிட்டு அவர் ஏதோ எழுதினார். இன்னொரு காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். கட்டடத்து செக்ரட்டரியிடம் இதைக் கொடுங்கள், மழை விடும் வரை மாடிப்படிக்குக் கீழே தேய்க்க விடுவார்கள் என்றார். குழந்தையின் மூச்சை அடைப்பது அந்தக் கரிப்புகைதான், தணல் சட்டி இனி அறைக்குள் வரக்கூடாது. கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். பலகைக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது.

"இதுல ஃப்ராக்கு விசியம் எழுதிட்டீங்களாம்மா?" என்றாள் அம்மா.

"எந்த ஃப்ராக்?" என்றார் டாக்டரம்மா.

கடைசியில் என் மார்பிலும் குழாயை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், ஏதாவது இருக்கட்டும் என்று. ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாய் என்றார். எனக்கு அட்டை கிடையாதா என்று கேட்டேன். உடம்புக்கு வந்தால்தான் அட்டை என்றார். ஒரு மிட்டாய் கொடுத்தார். குச்சி கொடுக்கவில்லை.

வழியில் அம்மா என்னை அடிக்கவில்லை. உறையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மழையில் வேகமாக நடந்தாள். டாக்டரம்மா அப்படிச் சொன்னாலும் அவள் நம்பவில்லை. ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறதோ என்ற பயம். எனக்கும் அதே பயம்தான். பன்னிரண்டு வீட்டுத் துணியும் அந்த உறைக்குள் இருந்தது. நைனாவிடம் சொன்னாள். நைனா என்னை ஒரு தரம் பார்த்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் மழையில் கவிழ்த்தார். உஸ்ஸென்று வெள்ளைப் புகை எழுந்தது.

பலகைக்கு அடியில் இடம் காலியாகிவிட்டது. நான் என் பாயை எடுத்துக்கொண்டு போய் உள்ளே விரித்தேன். அம்மா காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். "அங்க யாரும் படுக்கக் கூடாதுன்னு உன் காதுலதான சொன்னாங்க?" தங்கைக்குக் காற்று வேண்டும் என்று கதவோரம் படுக்கை போட்டாள். என் இடத்தில். எனக்கு அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில்.

அட்டையில் டாக்டரம்மா எழுதியதைப் பிறகு ஒருநாள் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துப் படித்தேன். தமிழில்தான் எழுதியிருந்தார். மேலே "அக்கா சொன்னது" என்று போட்டு, கீழே நான் சொன்னதையெல்லாம் எழுதியிருந்தார். அங்கேயும் என் பெயர் இல்லை. பிறகு வந்த ஒரு வெள்ளத்தில் அந்த அட்டையும் போய்விட்டது. தங்கை அதைப் படித்ததே இல்லை. அதனால்தான் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்கிறாள். நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் மழை விடவில்லை. காலையில் நைனா உறையைச் செக்ரட்டரியிடம் கொடுத்தார். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, கரி சிந்தாமல் பார்த்துக்கொள் என்று சைக்கிளை நகர்த்தச் சொன்னார். நான் மஞ்சள் ஃப்ராக்கை மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனேன். அந்த வீட்டம்மா அதை முகர்ந்து பார்த்து, ஏதோ மருந்து வாசனை அடிக்கிறதே என்றார். கரி வாசனைங்க, மழையாச்சே என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. தங்கை என் இடத்தில் வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.